5.20 முதல் 7.45 வரை

துக்கும் துறைமுகத்துக்கு மேற்கே, நாற்பத்தோராவது கிலோமீட்டர்.
முக்காலியை நட்டாகிவிட்டது.
கருவியின் கண்ணில் புகை.
துடைக்கிறேன், மறுபடி வேர்க்கிறது.
பிரிசம் பிடித்து நூறு மீட்டர் தள்ளி நிற்கும்
இஞ்ஞாசியைக் காணவில்லை,
அவன் இருமல் மட்டும் இருக்கிறது.

அரபிக்கடல் ராத்திரியெல்லாம்
செருப்பில்லாமல் நடந்து வந்திருக்கிறது.
மழையைப் பார்த்து மூன்று வருஷமான இடத்தில்
தாத் முகமதின் பிக்கப் வைப்பர் போட்டு நிற்கிறது.

கம்பெனித் தாளில் இதற்கொரு கட்டம் உண்டு:
வேலையில்லா நேரம். காரணம், மூடுபனி.
கூலி பாதி.

நேற்று மத்தியானம் சிவப்புப் புள்ளி வைத்து
1147 என்று எழுதிய கல் காலடியில்.
நேற்று அதன்மேல் இருந்தது
உரிந்த பெயிண்ட் மாதிரி ஒரு சாம்பல் பொருக்கு.
இன்று சாம்பலுக்குள் பச்சை ஊறிவிட்டது,
விளிம்பெல்லாம் மஞ்சள்.
தொட்டால் நாய்க்குட்டியின் மூக்கு.

இஞ்ஞாசி வந்து குனிந்தான்.
"சார், நம்ம கல்பாசிதானே இது?
மட்டன் குழம்புல போடுவாங்களே?"
மோந்து பார்த்தான்.
"வாசமே இல்ல."

கடல் பார்த்த பக்கம் தாடி,
பாலைவனம் பார்த்த பக்கம் மொட்டை.
உச்சியில், திறந்த வானத்துக்குச் சூட்டையெல்லாம் கொடுத்துவிட்டு
இரவில் சில்லிட்டுக் கிடந்த இடத்தில்,
பனித்துளி மட்டுமே உண்டு படர்ந்த தட்டை வட்டங்கள்.
முழங்கால் உயரக் கல்லில் எத்தனை ஊர்!

பூஞ்சை கூரை போட்ட வீட்டில் பாசி உலை வைக்கிறது.
ஈரமும் வெளிச்சமும் ஒன்றாய் இருக்கும்
இந்த இரண்டு மணிச் சொச்சம்தான் அதற்குப் பகல்.
பிறகு வெயில் வந்து அடுப்பை அணைக்கும்,
மறுபடி பொருக்கு, மறுபடி பிணம்.
நான் இரண்டு தடவை பாஸ்போர்ட் புதுப்பிப்பதற்குள்
ஒரு நகத்தின் அகலம் வளரலாம்.

என் சிவப்புப் புள்ளியில் நீர் ஒட்டவில்லை.
உருண்டு, எண்ணின் ஏழைத் தாண்டி,
பக்கத்து வட்டத்தில் போய்ச் சேர்ந்தது.
பெருவிரலால் சுரண்டிப் பார்த்தேன்.
நல்ல பெயிண்ட்.

சாலையின் நடுக்கோடு இந்தக் கல்லின்மேல்தான் போகிறது.
புல்டோசர் வர நாலு மாதம்.
மூடுபனி ஒழுங்காக வந்தால்
நூற்றிருபது வேளைச் சோறு.

7.45. கருவியின் கண் தெளிகிறது.
தூரத்தில் இஞ்ஞாசி, புருவமெல்லாம் துளிகள்,
கம்பை நேராக்கிக்கொண்டு கத்துகிறான்:
"சார், தெரியுதா?"

தெரிகிறது என்று
கையைத் தூக்கினேன்.