பதினொரு டிகிரி

ஐந்து டிகிரி என்றால் யோசனையே வேண்டாம்,
இருப்பதையெல்லாம் மாட்டிக்கொள்ளலாம்.
இருபது என்றாலும் கவலை இல்லை.
இந்தப் பதினொன்றுதான்
ஆளைக் கட்டில் விளிம்பில் உட்காரவைக்கிறது,
ஒரு காலில் உறை,
மறு கால் வெறுமை.

மொந்தெவிதேயோவில் ஜூலை மாதம்.
வெண்பனியெல்லாம் எங்களுக்குத் திரைப்படத்தில்தான்.
இங்கே இருப்பது ஈரம்.
ஆறா கடலா என்று
தானே முடிவெடுக்காத பழுப்புத் தண்ணீரிலிருந்து ஏறி
சுவர், சர்க்கரை டப்பா, என் முழங்கால் என்று
சொல்லாமல் குடிவந்துவிடும் ஈரம்.

போர்வைமேல் பரப்பியிருக்கிறேன்:
குட்டைக்கை ஜெர்சி.
கம்பளி உள்சட்டை, அக்குளில் பூச்சி அரித்த இடத்தில்
மஞ்சள் நூல், அன்று கையில் அகப்பட்ட நூல்.
காற்றுக்கு மட்டும் பதில் சொல்லும் கையில்லாத மேலுடுப்பு,
சுருட்டினால் ஓர் எலுமிச்சை.
அப்புறம், தனியாக மாட்டிக் கழற்றும் கைகள், இரண்டு,
எந்தச் சட்டையையோ விட்டு ஓடிவந்தவை.

கதவு ஆணியில் தடித்த ஜாக்கெட்.
என்னை எப்போது, என்கிறது.
உன்னைப் போட்டால் போசித்தோஸ் தாண்டும் முன்பே
உள்ளே மழை.

வானிலைக்கு உடுத்துவதில்லை நான்.
இருபது நிமிடம் கழித்து
யாராக இருப்பேனோ அவளுக்கு உடுத்துகிறேன்.
அவளை எனக்கு அவ்வளவாகத் தெரியாது.
சில நாள் பறப்பாள்.
சில நாள் புசேயோ துறைமுகம் வருவதற்குள்
நாயோடு ஓடுகிறவர்கள் தாண்டிப்போவார்கள்.

வில்மார் கறாரானவர். பொய்ப்பல் கட்டும் தொழில்,
அரை மில்லிமீட்டரில் வாழ்கிற மனிதர்.
"வாசலில் நடுங்கினால் சரியாக உடுத்தியிருக்கிறாய், நீபியா."
அன்றும் வந்து நின்றார்,
தோள் தாண்டி வெறும் தோல்,
நடுக்கம் உதட்டில், பெருமை முகத்தில்.
நான் அந்த அநாதைக் கைகளை
மாட்டாமல் முதுகுப் பையில் திணித்துக்கொண்டேன்.
எதற்கும் இருக்கட்டும்.

கர்ராஸ்கோ வரை காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது.
தள்ளிவிடும் காற்றுக்குக் குளிர் கிடையாது;
நம் கால்களின் வேகம் என்றே நினைத்துக்கொள்வோம்.
மேலுடுப்பின் ஜிப்பைத் தொப்புள்வரை இறக்கினேன்.
பதினொன்றெல்லாம் ஒரு விஷயமா, என்றார் வில்மார்.

அங்கே அவருடைய பின்சக்கரம்
ஒரு பெருமூச்சு விட்டது.

நிற்கிற உடம்புக்கு
யாரும் கணக்குப் போட்டு வைத்திருக்கவில்லை.
இதுவரை நம் பக்கம் இருந்த வியர்வை
கட்சி மாறியது.
தென்மேற்கின் பம்பேரோ
பொத்தான் துளை வழியாக வந்து விசாரித்தது.
அவர் விரல்கள் டயரைப் பிடித்தன, டயர் பிடிபடவில்லை;
பற்களோ, சொந்தப் பற்கள்,
யாரோ அவசரமாகத் தட்டச்சு செய்வதுபோல.
கைகளை எடுத்து நீட்டினேன்.
இரண்டையும் வாங்க மாட்டேன் என்றார்.
இடது அவருக்கு. வலது எனக்கு.
ஒற்றைக் கைக்காரர்கள் இருவர்
ஒரு டியூப் மாற்ற முக்கால் மணி நேரம்.

அலைதடுப்புக் கல்லில் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தவர்
பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் கேட்கவில்லை.
இரை சுற்றிய செய்தித்தாளை உதறி
இரண்டாகக் கிழித்து நீட்டினார்.
ஜெர்சிக்குள், நெஞ்சோடு, செருகிக்கொண்டோம்.
வில்மாருக்குக் குதிரைப் பந்தயம்.
எனக்கு வாடகை விளம்பரங்கள்.
எதிர்காற்றில் பதினைந்து கிலோமீட்டர்,
காகிதம் சரசரக்க,
இரண்டு மீன் பொட்டலங்கள் வீடு திரும்பின.

இரவு கம்பளிச் சட்டையை அலசும்போது
மஞ்சள் தையலுக்குக் கீழே
மை ஏறியிருந்தது, கண்ணாடி எழுத்தில்:
இரண்டு அறை, கடல் தெரியும் (கடலாம்!), நல்ல வெயில்.
இருமுறை சோப்பு போட்டேன்.
கடல் போனது.
வெயில் போகவில்லை.

நாளை பன்னிரண்டாம்.
கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறேன்.
இடது கை
இன்னும் வில்மாரிடம்.