ஓத வரிசை

திங்கட்கிழமை காலை அச்சுப்பொறி
தீவுகளைப் பெயர் சொல்லி அழைக்கும்.
ஆக்குய். சேனூர். லின்குவே. மௌயில். தௌகோ.
கைகட்டி ஒரே கோட்டில் நிற்கும்
கடலில் ஒருநாளும் அப்படி நின்றிராத தீவுகள்.

எலிசேயோ நவெல்கின் தாளை வாங்கி
மருத்துவப் படகின் சுக்கானருகே ஆணியில் குத்துவான்.
பார்க்க மாட்டான்.
"உன் அகரவரிசைப்படி போனால், எதெல்மீரா,
ஆக்குய்க்காக மூன்று தீவைத் தாண்டி ஓட வேண்டும்,
சேனூருக்காகத் திரும்பி வர வேண்டும்,
லின்குவேக்கு மறுபடி தாண்ட வேண்டும்.
இது படகா, தையல் ஊசியா?"
செவிலி மட்டும் பாவம்,
தாளை நம்பி மருந்துப் பெட்டிகளை அடுக்கிவிட்டு
துறைக்குத் துறை அடிப்பெட்டியைத் தேடி
ஆட்டத்தில் முழங்கால் ஊன்றுவாள்.

சிலோயேயில் மழைக்கு நேரம் காலம் கிடையாது.
ஒரு மதியம், விறகடுப்பில் கெட்டில் முனக,
புதிய அட்டவணை ஒன்று திறந்தேன்.
பெயர் ஒரு பக்கம், எண் ஒரு பக்கம்.
பத்து, இருபது, முப்பது என்று தள்ளித் தள்ளியே இட்டேன்;
நடுவில் யாராவது வந்து நிற்பார்கள்,
பேருந்தில் நகர்ந்து உட்கார்ந்து பழகிய புத்தி.
அறிக்கையிடம் சொன்னேன்: பெயரைப் பார்க்காதே, எண்ணைப் பார்.
அச்சில் அந்த எண்ணை மறைத்தேன்.
வரிசை தெரிந்தால் போதும்,
வரிசைப்படுத்தியவள் எதற்கு?

முதல் தாளில் நூறு வந்து
இருபதுக்கு முன்னால் நின்றது.
எண் என்று நான் இட்டதை
எழுத்தென்றே வாசித்திருக்கிறது இயந்திரம்.
ஒன்றில் தொடங்குகிறது, ஆகவே முந்தியது என்று
அதற்கும் ஒரு நியாயம்.
புலத்தின் வகையை மாற்றினேன்.
முணுமுணுக்காமல் பின்னால் போனது நூறு.

எலிசேயோ தாளைப் பார்த்தான், முதல் முறையாக.
"சரிதான். ஏற்றத்துக்குச் சரி.
வற்றத்தில்?"

வற்றத்தில் சேனூர் தன் கடலைக் கழற்றி வைத்துவிட்டு
அரை மைல் சேற்றுக்கு அப்பால் கிடக்கும்.
முதலில் மௌயில் போக வேண்டும்,
நீர் திரும்பும் வரை அங்கே பல் பிடுங்கலாம்,
பிறகுதான் சேனூர்.
தீவு நகரவில்லை. முறைதான் நகர்கிறது,
நாளுக்கு ஐம்பது நிமிடம் பிந்தி.
ஆக, இன்னொரு எண் நிரல்.
ஓத நேரப் புத்தகத்தை மடியில் விரித்து
இரவு வரை நிரப்பினேன்,
ஒரு கட்டம் தவிர.

யெல்கே.
எழுத்திலும் கடைசி, வழியிலும் கடைசி.
ஒரே ஒரு பதிவு:
ஓர்பெலினா குயூல், நாற்பத்தாறு, பாசி அள்ளுபவள், ஆஸ்துமா.
குறிப்புப் பகுதியில் எட்டு வாரமாக
இருட்டிவிட்டது, அடுத்த முறை.
வற்றத்தில் அங்கே எப்படி ஒதுங்குவது என்று
எனக்குத் தெரியவில்லை. காலியாக விட்டேன்.

காலி என்பது எங்கள் இயந்திரத்துக்கு
எல்லா எண்ணுக்கும் முந்தியது.
செவ்வாய் விடியலில் தாளின் தலையில் யெல்கே.
நான் கவனிக்கவில்லை. எலிசேயோ கவனித்தான்.
புதிதாகக் கற்ற கீழ்ப்படிதலோடு
சுக்கானை மேற்கே திருப்பினான்.

அவள் பாதி முகம்தான் கழுவியிருந்தாளாம்.
"உங்கள் கடிகாரம் கெட்டுவிட்டதா?" என்றாளாம்,
கேள்விக்கு நடுவில் இரண்டு முறை மூச்சு வாங்கி.
நெஞ்சில் குழல் வைத்துக் கேட்ட மருத்துவர்
வேறெதுவும் கேட்கவில்லை.
அவளைக் கரை சேர்த்துவிட்டுத்தான் மற்ற தீவுகள்.
அன்று எல்லா இடத்திலும் தாமதம்.
சேனூரில் நன்றாகவே திட்டினார்கள்.

தலைமை அலுவலகத்திலிருந்து தொலைபேசி:
ஒரு வரியில் எண் விடுபட்டிருக்கிறது, சரிசெய்யுங்கள்.
முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவே
ஒன்பது இடம் சும்மாதான் கிடக்கிறது.
வெள்ளிக்கிழமை பார்க்கிறேன் என்றேன்.
இது மூன்றாவது வெள்ளி.

மேசைக்கடியில் ஒரு கோணி உலர்ந்த பாசி.
கட்டியிருந்த சீட்டில்
அனுப்புநர் என்ற இடம் காலி.