இடது மணிக்கட்டு

பதினோரு வருஷமாய்ப் பிப்பெட் அழுத்தியதில்
சரோல்தாவின் மணிக்கட்டில் ஒரு பட்டாணி முளைத்தது.
மடக்கினால் எழும், நீட்டினால் ஒளியும்.
இடக்கைக்காரி அவள்.
நம் மொழியில் மணிக்கட்டு என்று பெயர் அந்த இடத்துக்கு;
மணி இல்லை,
கட்டி கட்டியிருக்கிறது.

"கேங்க்லியான்" என்றார் டாக்டர் வார்கோனி,
டார்ச்சை அதன் விலாவில் வைத்து.
கட்டி உள்ளுக்குள் விளக்கேற்றிக்கொண்டது.
"வெறும் ஜெல்லி. ஒன்றும் செய்யாது.
ஊசியால் உறிஞ்சினால் திரும்ப வரும்.
அறுத்தால்
திரும்ப வரலாம்."

மூன்றாம் மாடி லாயோஷுக்கு வேறு வைத்தியம் தெரியும்:
கையை மேஜைமேல் வை,
கனமான புத்தகத்தால் ஓங்கி ஒரே அடி.
பைபிள்தான் வழக்கமாம்.
அவர் வீட்டில் பைபிள் இல்லை.
அவளுடைய மருத்துவ அகராதி போதும் என்றார்,
எடையைக் கையில் தூக்கிப் பார்த்து.

அடி விழுமுன் பிரித்தாள்.
ஒரே சொல், ஒரே பக்கம், இரண்டு எண்கள்.
ஒன்று: மூட்டோரம் திரளும் நீர்ப்பை.
இரண்டு: நரம்பணுக்கள் கூடிக் கிடக்கும் முடிச்சு.
முதலாவது அவள் கையில் இருக்கிறது.
இரண்டாவதுக்குத்தான் சம்பளம்.
அகராதியை மூடி அலமாரியில் வைத்தாள்.
லாயோஷுக்கு ஏமாற்றம்.

அந்த வாரமே, நள்ளிரவு தாண்டி,
ஆய்வுக்கூடத்துக்கு ஐஸ்பெட்டி வந்தது.
சிறுநீரகங்கள் ஓர் ஊருக்கும்
கல்லீரல் இன்னோர் ஊருக்கும் கிளம்பிப் போனபின்
யாரும் வரிசையில் நின்று கேட்காதது
இங்கே வரும்:
கழுத்து முள்ளெலும்புகளின் இடுக்கிலிருந்து
ஊறிய மொச்சை போல ஆறு முடிச்சுகள்.

படிவத்தில் பெயர் கிடையாது.
ஆண். ஐம்பத்தெட்டு. மூளையில் ரத்தக்கசிவு.
கீழே, யாரோ ஒரு நர்ஸின் தேவையற்ற அக்கறை:
*இடது மணிக்கட்டில் கேங்க்லியான். சிகிச்சை எடுக்கவில்லை.*

கையுறை இறுக்கிய இடத்தில்
அவளுடையது விண்ணென்று தெறித்தது.

இடப்பக்க ஏழாவதை முதலில் எடுத்தாள்.
ஏன் என்று குறிப்பேடு கேட்கவில்லை.
நறுக்கி, நொதியில் ஊறப்போட்டு, வடித்து,
தட்டில் விதைத்தாள்.
ஒவ்வோர் அணுவுக்கும் ஒரு கிளை தோலுக்கு,
ஒரு கிளை தண்டுவடத்துக்கு
ஓடியிருக்கும், முந்தாநாள் வரை.
இரண்டும் அறுந்து
இப்போது உருண்டையாய் உட்கார்ந்திருக்கின்றன,
பஸ் விட்டவர்கள் போல.

செகெட் மிளகாய்க்குப் பேர்போன ஊர்.
இலையுதிர் காலத்தில் சந்தை முழுக்கச் சிவப்புச் சரங்கள்.
ஆய்வுக்கூடத்திலும் அதே காரம்தான்,
விதையில்லாமல், மணமில்லாமல், குப்பியில்.
ஒரு துளி விட்டாள்.

பதினான்காம் அணு
பச்சையாய்ப் பற்றிக்கொண்டது.

எரிகிறது என்கிறதா?
எங்கே என்கிறது?
நாக்கிலா, கையிலா, அந்தக் கட்டியிலா?
சைக்கிள் ஹேண்டில் பிடிக்கும்போதெல்லாம்
அவருக்கு அங்கே வலித்திருக்குமோ.
சைக்கிள் ஓட்டினாரா என்பதே தெரியாது.

அந்த ஊர்ப் பேச்சில் நரம்பு முடிச்சுக்கு டூட்ஸ் என்பார்கள்.
புறாக்கூண்டிலும் அதே சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.
புறா சரியாகத்தான் கிளம்பியிருக்கிறது,
காலில் ஓலையோடு.
போய் இறங்க
வீட்டைத்தான் காணோம்.

அட்டவணையில் எழுதினாள்:
அணு 14. காரத்துக்கு மறுவினை உண்டு.
அடுத்த கட்டம், வீச்சு.
அதற்கடுத்தது, எத்தனை நொடி.
அதற்குப் பிறகு கட்டங்கள் இல்லை.

வியாழக்கிழமை வார்கோனியிடம் நேரம் வாங்கியிருந்தாள்.
போகவில்லை.
போன் செய்து சளி என்றாள்.

டீசா ஆற்றுப் பக்கம் மூடுபனி.
டிராமில் ஜன்னலோர இருக்கை.
கையுறையைக் கழற்றி
கட்டைவிரலால் கட்டியை அழுத்தினாள்.
வலித்தது.
சற்றுப் பொறுத்து
இன்னொரு முறை அழுத்தினாள்.