நாற்பத்தேழு ஹெர்ட்ஸ்

ஜே.சி. ரோட்டில் ஷட்டர் பாதி இறக்கியாயிற்று.
டிக்கிக்கு வெளியே முபீனின் இடுப்புவரை தெரிகிறது,
மிச்சம் ஒயர்களுக்குள்.
'கெய்ன் ஏத்தறேன், எப்படி இருக்கு சொல்லுங்க சார்.'
என்னத்தைச் சொல்ல?
யாரோ பின்சீட்டுக்கு அடியில்
பெரிய அண்டாவை இழுப்பது போலிருக்கிறது என்றேன்.
'அண்டா வரக் கூடாது' என்று
கால் சுற்று பின்னால் திருப்பினான்.

இப்போது பாட்டு இல்லை.
அவன் போனிலிருந்து ஒரே ஒரு ஒலி
எண்பதில் கிளம்பிக் கீழே இறங்குகிறது.
இறங்க இறங்க வண்டி
தன்னிடம் உள்ளதையெல்லாம் ஒப்புக்கொள்கிறது.
அறுபத்தெட்டில் டோல் சில்லறை.
ஐம்பத்தைந்தில் நம்பர் பிளேட்.
ஐம்பதில் கண்ணாடி அதிர்ந்து
பின்னால் நின்ற டவுன் ஹால் பஸ்
இரண்டு பஸ்ஸானது.
சில்லறையை எடுத்துப் பையில் போட்டேன்.
பிளேட்டுக்கு ரப்பர் வாஷர்.
கண்ணாடியைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்து
மன்னித்துவிட்டான்.

நாற்பத்தேழில் ஒரு கிர்ர்.

இடது கதவு என்றேன். இல்லை, மேலே என்றான்.
கதவட்டையைக் கழற்றிப் பஞ்சு திணித்தான்,
கூரை விளக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.
சீட் பெல்ட் கொக்கியைப் பிடித்தபடி
நான் மூச்சைக்கூட நிறுத்திப் பார்த்தேன்.
கிர்ர்.
ஏழு வருஷப் பழைய வேகன் ஆர்.
விற்றவர் சொல்லாமல் விட்ட ஏதோவொரு திருகு.

'ஸ்வல்ப இருங்க' என்று
ஒரு பொத்தானைத் தட்டினான்.
சட்டென்று அடி செத்துப்போனது.
'ஆஃப் பண்ணிட்டியா?'
'இல்ல சார், ஃபுல்லா ஓடுது. ஃபேஸ் மாத்தினேன்.
முன்னாடி ஸ்பீக்கர் தள்றப்ப இது இழுக்குது.
உங்க சீட்டுல ஒண்ணும் மிஞ்சாது.'
இறங்கிப் பார்த்தேன்.
எதிர்க்கடை ஷட்டர் நடுங்கிக்கொண்டிருந்தது.
படுத்திருந்த நாய் எழுந்து
வேறு இடம் தேடிப் போனது.

ஜெசிந்தாவும் நானும் தவணைக் கணக்குப் பேசுவது
இப்படித்தான்.
ஒரே தொகையைச் சொல்வோம், ஒரே நேரத்தில்.
மாடிவீட்டுக்கு
நன்றாகவே கேட்கிறதாம்.

பொத்தானைத் திருப்பித் தட்டினான்.
அடி வந்து நெஞ்செலும்பில் உட்கார்ந்தது.
'எண்பதுல வெட்டியிருக்கேன், ஆசைப்பட்டு ஏத்தாதீங்க.'
அந்தக் கிர்ர்?
கழிவுத்துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.
'நாப்பத்தேழு வராத பாட்டாக் கேளுங்க சார்.'

ஹட்சன் சர்க்கிள் சிக்னலிலிருந்து
தேடித் தேடிப் போட்டுக்கொண்டே வந்தேன்.
எந்தப் பாட்டானாலும் எங்காவது ஓரிடத்தில்
அதன்மேல் ஒரு கால் வைத்துத்தான் கடக்கிறது.
காக்ஸ் டவுன் வருவதற்குள்
எந்த வரியில் வருமென்று எனக்கே தெரிந்துவிட்டது,
வருவதற்கு முன்னால் தோளைக் குறுக்கிக்கொள்ளவும்.

லிங்கராஜபுரத்தில்
இரவு டியூட்டிக்கு ஜெசிந்தா ஏறினாள்,
டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு.
'எவ்ளோ ஆச்சு?'
பாதியைச் சொன்னேன்.
கிர்ர்.
'என்னது அது?' என்றாள்,
என் பக்கம் திரும்பி.