தொப்பி போட்ட மணி

வியாழன் இரவு ஏழரைக்கு
வூஸ்டர் நகரத்தில் பாதி ஜன்னல்கள் நீலமாகும்.
'சொல், இல்லையேல் துள்ளு' ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.
நான் திரைக்குப் பின்னால், மர ஸ்டூலில்.
என் வேலை ஒரு பொத்தான்.
தப்பான பதிலுக்கு அழுத்தினால்
கழுதைக்கும் கார் ஹாரனுக்கும் பிறந்த ஒரு சத்தம் கிளம்பும்.
சரியான பதிலுக்கு மணி ஒன்று இருந்தது.
அதன்மேல் யாரோ தொப்பியை மாட்டி வைத்திருந்தார்கள்.

கேள்விகளைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும்.
அவை பதிலுக்காக எழுதப்பட்டவை அல்ல.
பூரானுக்கு இடப்பக்கம் எத்தனை கால்,
ஒரு ராத்தல் உப்பில் எத்தனை கல்.
யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது.
தெரிந்துவிட்டால்
தொட்டி நிறைய சிவப்பு ஜெல்லியை என்ன செய்வது?
ஸ்டுடியோ விளக்குச் சூட்டில் அது
ஏற்கெனவே ஓரம் இளகிக்கொண்டிருக்கும்.
முன்வரிசையில் சோப்புக் கம்பெனிக்காரர்,
மனிதர்கள் அழுக்காவதைப் பார்க்கவே பணம் தருபவர்.

ஐம்பத்தாறு, மார்ச். வெளியே பனி சேறாகியிருந்தது.
பிலோமீன் கானியோன் என்று பெயர் கொடுத்தாள்.
நேட்டிக்கிலிருந்து பஸ்,
அக்காவின் பச்சைக் கோட்டு.
கை குலுக்கிய கிளைட் ஹார்லோ
சுட்டுக்கொண்டவன் மாதிரி விரலை உதறினான்.
"அம்மணி, இது கையா, அரமா?"
கூட்டம் சிரித்தது.
அவளும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

"ஒரு பேஸ்பால் பந்தில் எத்தனை தையல்?"

ஹார்லோ அதற்குள் தொட்டிப் பக்கம் திரும்பிவிட்டான்.
டிரம்காரன் குச்சியைத் தூக்கிவிட்டான்.
நானும்
இரண்டு வருஷப் பழக்கத்தில்
அவள் வாய் திறந்ததும் அழுத்திவிட்டேன்.

"நூற்..." என்றாள்.
மிச்சத்தைக் கழுதை தின்றது.

கண்ணைக் கட்டினார்கள்.
குழந்தைகள் ஓட்டும் மூன்று சக்கர வண்டி,
தலையில் முட்டைக் கூடை,
ஜெல்லியின் குறுக்கே இருபது அடி.
போனாள்.
நடுவில் ஒருமுறை கவிழ்ந்தாள், எழுந்தாள்,
ஒரே ஒரு முட்டையை
யாருக்கோ மீதிச் சில்லறை கொடுப்பதுபோல் ஹார்லோ கையில் வைத்தாள்.
பரிசு ஒரு டஜன் சோப்பு.

முடிந்தபின் என் ஸ்டூலருகே வந்து நின்றாள்,
காதோரம் சிவப்பு வழிய.
பொத்தானைப் பார்த்தாள்.
பிறகு என்னை.
"நூற்றெட்டு. இரட்டைத் தையல்.
நாளைக்கு முப்பது பந்து தைக்கிறேன்."
கோபமில்லை. ரசீது எழுதும் குரல்.
"இந்தக் கறை போகுமா?" என்று கேட்டாள்.
எனக்குத் தெரியவில்லை.

எல்லோரும் போனபின் தொப்பியை எடுத்தேன்.
மணிக்கு நாக்கு இல்லை.

மறுநாள் கடைத்தெருவில் ஒரு பந்து வாங்கினேன்.
சமையலறை மேஜையில் விளக்கை இழுத்து எண்ணினேன்.
இரண்டு தடவை தவறிப்போனது.
எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று தெரியாதபடி
முதல் முடிச்சை உள்ளே தள்ளியிருந்தார்கள்
அவளோ, அவள் பக்கத்து நாற்காலியோ.
கடைசியில் ஒரு தையலில் மை தடவிக்கொண்டு எண்ணினேன்.
நூற்றெட்டு.

அதற்குப் பிறகு
பதில் முடிந்து இரண்டு நொடி விட்டு அழுத்தினேன்.
நேரடி ஒளிபரப்பில் இரண்டு நொடி
ஒரு நெடுஞ்சாலை நீளம்.
அதில் என்னென்னவோ கேட்டது:
யாரோ மூக்குறிஞ்சுவது,
ஜெல்லி தானாக ஒருமுறை அசைவது,
தப்புப் பதில் சொன்ன ஒரு மளிகைக்கடைக்காரர்
"சரியா?" என்று மெல்லத் தன்னையே கேட்டது.
"தூங்குகிறாயா?" என்றான் ஹார்லோ.
சம்பளத்தில் ஒரு டாலர் பிடித்தார்கள்,
அடுத்த வாரம் இரண்டு.

ஜூனில் என்னை வானிலை அறிக்கைக்கு மாற்றினார்கள்.
அங்கே பொத்தான் கிடையாது.
மழை என்பார், வெயில் அடிக்கும்.
யாரும் எதையும் அழுத்துவதில்லை.