நானூற்றுப் பன்னிரண்டு

ஜூம்லாவுக்கு மேலே, மரங்கள் நின்றுவிடும் உயரத்தில்
கடுகுரோகிணி எண்ணினோம்.
கயிறு கட்டி, கட்டம் போட்டு,
ஈரத்தில் முழங்காலிட்டுத் தவழ்ந்து.
நானூற்றுப் பன்னிரண்டு தளிர்.
தன்சரி ரோகாயா தளிருக்கொரு கூழாங்கல்லை
இந்த மடியிலிருந்து அந்த மடிக்கு மாற்றினாள்.
என் நோட்டில் ஒன்று குறைந்தது.
அவள் கணக்குதான் சரி.

இலைக்கு ஒரு பை. உள்ளே சிலிக்கா மணிகள்,
புதுச் செருப்புப் பெட்டியில் கிடக்குமே, அவைதான்.
வேர் தோண்டிய கையால் அவள் கொடுத்த ரொட்டி
கடைசிக் கவளம்வரை கசந்தது.

காத்மாண்டுவில், மின்சாரம் போகாத இரவுகளில்
இலையைப் பொடித்துக் கரைத்துச் சுழற்றி
ஜெல்லில் ஓடவிட்டேன்.
மரபணுக் கோடுகள்
முதல் தளிருக்கு எப்படியோ
இரண்டாவதற்கும் அப்படி.
நாற்பதாவதற்கும் அப்படி.
குழாய் மாற்றி ஊற்றிவிட்டேனென்று
என்னையே திட்டிக்கொண்டு திரும்பச் செய்தேன்.
அப்படியே.

நானூற்றுப் பன்னிரண்டு தளிர்.
மூன்று செடி.
மண்ணுக்கடியில் கையை நீட்டி நீட்டி
மூன்றே பேர் சரிவு முழுக்கப் படுத்திருக்கிறார்கள்.
புதுநோயொன்று வந்தால்
பனி விழாத குளிர்காலமொன்று வந்தால்
மூன்று பேருக்குத் தெரிந்த பதில்தான்
மொத்தச் சரிவுக்கும்.

பாறைச் சரிவுக்கு அப்பால்
கழுதைகூட ஒதுங்கிப்போகும் இடத்தில்
ஓரம் கருகிய பத்தொன்பது.
அவற்றில் பதினேழு விதக் கோடுகள்.

வேலி போட்டிருந்தது பச்சைப் பக்கம்.

அதை வனக்குழுவில் சொல்வதற்குள்
இரண்டு தம்ளர் டீ ஆறிப்போனது.
கம்பிச் சுருளைச் சுமந்து ஏறியவர்கள்
எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.
லால்வீர் புடாவின் தோளில் காயம் காயவில்லை.

தன்சரிதான் முதலில் சிரித்தாள்.
"அப்போ இருபது வருஷமா
ஒரே செடியைத்தான் தோண்டிக்கிட்டிருந்தேனா?"
சிரிப்பை நிறுத்திவிட்டு,
"ஆனா அது இன்னும் சாகலையே."

"பாறைப்பக்கத்து வேர் அதிகம் கசக்குமா,
கூட விலை போகுமா?" என்றார் ஒருவர்.
அதை நான் அளக்கவில்லை.
அளக்காததற்கு அன்று சந்தோஷப்பட்டேன்.

வேலியைப் பிடுங்கி மறுபக்கம் நட்டோம்.
பத்தொன்பதுக்கு எவ்வளவு கம்பி வேண்டும்?
மிச்சத்தை லால்வீர் கோழிக்கூண்டுக்குக் கேட்டான்.
கொடுத்துவிட்டோம்.

பனி உருகியபின் போய் எண்ணினால்
பதினெட்டு.
தன்சரி மாற்றாத ஒரு கல்லை
உள்ளங்கையில் வைத்திருந்தாள்.
போனது
இன்னொன்று இருக்கும் செடியா,
அது ஒன்றே ஒன்றா?
பழைய பைகளைத் தேட வேண்டும்.