அம்பு ஸ்டிக்கர்

ஆறு வருசம் செக்கிங் டேபிளில் நின்றவள் நான்.
ட்யூப்லைட்டுக்குக் கீழே பனியனைப் புரட்டி
ஓட்டை, எண்ணெய்க் கறை, தாவிப்போன தையல்
கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஒட்டுவேன்.
தபால் வழியில் பி.ஏ. இங்கிலீஷ் முடித்ததும்
மாடிக்கு ஏற்றிவிட்டார்கள், ஏசி அறைக்கு.
மெர்ச்சண்டைசர் பையன்கள் எழுதும் மெயிலெல்லாம்
பல்லடம் ரோட்டிலிருந்து டென்மார்க் போகுமுன்
என் மேசையில் ஒருதரம் புரண்டுதான் போகும்.

'ஐ யாம் ஹேவிங் டூ டவுட்ஸ்.'
அம்பு.
சந்தேகம் இருந்தால் இருக்கட்டும், பிரதோஷ்,
அதை இருந்துகொண்டே இருக்க வைக்காதே.
'டிஸ்கஸ் அபவுட் த கலர்.'
அபவுட் உபரி நூல். ட்ரிம் பண்ணு.
'ரிவர்ட் பேக்' என்றால்
திரும்பித் திரும்பி வருகிறாயா?

சிலதுக்கு அம்பு ஒட்ட மனசு வராது.
கோபிக்காரன் ஒருத்தன் வரிக்கு வரி சார் போடுவான்.
ஃபேப்ரிக் ரெடி சார். கார்ட்டன் ஷார்ட் சார். சாரி சார்.
அது சார் இல்லை, எங்கள் 'ங்க'.
வந்துருச்சுங்க, ஆமாங்க, தெரியிலீங்க என்று
வாக்கியத்தின் வாலில் நாங்கள் கட்டிவிடும் மரியாதையை
மாட்டி வைக்க இங்கிலீஷில் கொக்கி இல்லை.
வாங்குகிறது ஓர் அம்மிணி என்பதால் மட்டும்
ஒவ்வொன்றாக வெட்டுகிறேன்.

போன வியாழக்கிழமை, ராத்திரி ஷிஃப்டில்,
கட்டிங் செக்ஷன் சென்னியப்பண்ணனுக்கு
இடது கையில் ரெண்டு விரல்.
கம்பிக் கையுறை அறுந்தது தீபாவளிக்கு முன்னால்.
புதுசு கேட்டு அவர் எழுதிக் கொடுத்த சீட்டு
ஸ்டோர் ரூம் ஆணியில் இன்னும் தொங்குகிறது.
சரக்கு பிந்தும். மெயில் போகணும்.

பிரதோஷ் எழுதி வந்தான்:
'எஸ்டர்டே ஒன் கட்டர் ஹேஸ் லாஸ்ட் ஹிஸ் டூ ஃபிங்கர்ஸ்.'
நேற்று என்று நாள் சொல்லிவிட்டால் ஹேஸ் வராது;
நாள் குறித்த காரியம் முடிந்த காரியம்.
ஹிஸ் டூ ஃபிங்கர்ஸ் என்றால்
அவருக்கு இருந்ததே ரெண்டுதான் என்றாகும்.
திருத்தினேன்:
'எஸ்டர்டே எ கட்டர் லாஸ்ட் டூ ஃபிங்கர்ஸ்.'
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும்
ஒரு ஓட்டை கிடையாது.

லாஸ்ட்.
காங்கயம் பஸ்ஸில் குடையை விட்டு இறங்குவதுபோல
அவர் தொலைத்துவிட்டாராம்.

முதலாளி வாசித்தார்.
'எதுக்கு அம்மிணி விரல் கதையெல்லாம்? ஆளில்லாமப் போடு.'
ஆளில்லாமல் போடத்தான் செயப்பாட்டு வினை இருக்கிறதே.
தமிழில் யாரால் என்று சொல்லாவிட்டால்
கொஞ்சம் நொண்டும்.
இங்கிலீஷில் ஏசி பஸ் மாதிரி ஓடும்.
'ப்ரொடக்‌ஷன் வாஸ் டிலேட்
ட்யூ டு அன்ஃபோர்சீன் சர்கம்ஸ்டன்ஸஸ்.'
ஒருமைக்கு ஒருமை, காலத்துக்குக் காலம்,
கமா வேண்டிய இடமே இல்லை.
நூற்றுக்கு நூறு.

சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோர் ரூம் பக்கம் போனேன்.
சீட்டில் அவர் கையெழுத்து, தமிழில்,
'கையுறை வேணுங்க, அவசரமுங்க.'
தேதியும் போட்டிருந்தார்.
ஆணியிலிருந்து எடுத்தேன்.

பழைய மேசையிலிருந்து கொண்டுவந்த அம்பு ரோல்
டிராயரில் பாதி இருந்தது.
மெயிலைப் பிரிண்ட் எடுத்து
அன்ஃபோர்சீன் மேல் ஒன்று ஒட்டினேன்.
அம்பின் நுனியில் சீட்டைப் பின் அடித்தேன்.

'ஸ்பெல்லிங் தப்பா?'
இல்லீங்க.
'கிராமரா?'
இல்லீங்க.
'அப்புறம் என்னத்துக்கு இது?'

நான் நின்றுகொண்டே இருந்தேன்.
அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
சீட்டைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார்.
'போலாமா வேண்டாமா இந்த மெயில்?' என்றார்.

வேண்டாமுங்க என்றேன்.
அத்தனை ஆத்திரத்திலும்
அந்த 'ங்க'வை வெட்ட எனக்கு வரவில்லை.